தாய் நின்ற பக்கம்

ஒரு வைத்தியரின் கையை நான் ஒருமுறை கட்டிப்போட்டேன். அதற்கு இரண்டு பக்க அறிக்கை ஒன்றே போதுமாக இருந்தது.

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் வேலைக்காலத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் வீட்டோடு இருப்பவளுக்கு நேரத்துக்கு என்ன குறை? எதை எழுதுவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. சரியாகப் போன வேலைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. அளந்தோம், கணக்குப் போட்டோம், சொன்னோம். பிழையாகப் போன இந்த ஒன்றை எழுத உட்கார்ந்தபோதுதான் பேனை நிற்கவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் சில இடங்கள் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கினதுபோல எழுதப் போவதுமில்லை.

என்ன வேலை செய்கிறாய் என்று வெளியே யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். ஒரு மீனையோ நண்டையோ இலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல இருக்கவேண்டும். ஆனால் ஒருபோதும் முழுக்க ஒன்றுபோல இராது. எவ்வளவு பொருந்தவில்லை என்பதை அளந்து, அந்த வித்தியாசம் வளர்ச்சியில் வந்ததா, நோயில் வந்ததா, சும்மா தற்செயலா, அல்லது அளந்தவரின் கைக்கோணலா என்று பிரித்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. இருபது வருடங்களாக நான் மீனும் நண்டும்தான் அளந்தேன். நான் பிழை விட்டாலும் மீன் ஒன்றும் கேட்காது.

பிறகு முகங்கள் வந்தன.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், உதடு பிளந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு அதைத் தைத்துச் சரிசெய்வார்கள். பெரிய டொக்டர் ஒருவர் நீண்ட காலமாக ஒரு முறையில் செய்துவந்தார். வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த துளசி என்ற இளம் டொக்டர் வேறொரு முறையில் செய்யத் தொடங்கியிருந்தார். எந்த முறையில் முகத்தின் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒத்துப்போகிறது என்று ஆஸ்பத்திரிக் குழு அறிய விரும்பியது. சிகிச்சை நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்கள் என்னிடம் வந்தன.

செய்தது இதுதான். ஒவ்வொரு முகத்திலும் கண்ணின் ஓரங்கள், மூக்கின் இரு பக்கம், உதட்டின் மேடுகள் என்று குறிப்பிட்ட இடங்களில் புள்ளி வைப்பேன். பிறகு அந்த முகத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எங்கே விலகுகிறது என்று பார்ப்பேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில பிள்ளைகளுக்குப் பிளவு இடப்பக்கம், சிலருக்கு வலப்பக்கம். எல்லோரையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றால், வலப்பக்கப் பிளவுள்ள படங்களைப் புரட்டி, எல்லாப் பிளவையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் முதல் நாளே புரட்டிவிட்டேன்.

விடை தெளிவாக வந்தது. துளசி தைத்த பிள்ளைகளில், தைத்த பக்கம் சற்று ஒடுங்கியிருந்தது. மூக்கும் உதடும் அந்தப் பக்கம் உள்ளே இழுபட்டதுபோல. பெரிய டொக்டரின் பிள்ளைகளில் அப்படி இல்லை. நான் மூக்கையும் உதட்டையும் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். குழு கூடியது. இறுதி முடிவு எடுக்கும்வரை புதிய முறையை நிறுத்திவைக்கச் சொன்னது.

இரண்டு கிழமைக்குப் பிறகு துளசி என் அறைக்கு வந்தார். அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் மகளின் வயதுதான் இருக்கும். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"நீங்கள்தானே அந்த ரிப்போர்ட் எழுதினது?"

"ஓம்."

"என்ர பிள்ளையளை நேர பாத்திருக்கிறீங்களோ?"

"இல்லை. படத்திலதான்."

"நான் ஒவ்வொரு கிளினிக்கிலயும் பாக்கிறன். எனக்கு ஒடுங்கினதாத் தெரியேல்ல."

"கண்ணுக்குத் தெரியாததைத்தான் டொக்டர் நாங்கள் அளக்கிறது" என்றேன். அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அப்ப கண்ணை அளந்தனீங்களோ?"

"ஏன்? கண்ணில நீங்கள் கத்தி வைக்கேல்லையே."

"அதாலதான் கேக்கிறன்."

அவர் போன பிறகு கண்களின் புள்ளிகளை எடுத்துப் பார்த்தேன். துளசியின் பிள்ளைகளில், தைத்த பக்கத்துக் கண்ணும் ஒடுங்கியிருந்தது. மூக்கின் அளவுக்கு இல்லை, ஆனாலும் இருந்தது.

உதட்டில் போட்ட தையல் கண்ணை எப்படி இழுக்கும்?

அன்று தொடங்கிய குழப்பம் ஐந்தாறு கிழமைக்கு என்னை விடவில்லை. முதலில் வந்த பயம், படங்களை இரண்டு தரம் புரட்டிவிட்டேனோ என்பது. நம் வேலையில் இடது, வலது என்பது பெரிய சனியன். படத்தில் இடப்பக்கம் தெரிவது பிள்ளையின் வலப்பக்கம். புரட்டிய படத்தில் அது மறுபடி மாறும். பட்டியலில் தாதி எழுதிய இடது யாருடைய இடது? "இடது என்றால் பிள்ளையின் இடது" என்று ஒரு மட்டையில் எழுதிக் கணினியில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு படத்தையும் நோயாளிக் குறிப்போடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாகவே புரட்டப்பட்டிருந்தன. பிழை இல்லை என்று கண்டபோது சந்தோஷம் வரவில்லை. பிழை இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அடுத்ததாக என் கையைச் சந்தேகித்தேன். கொஞ்சப் படங்களை எடுத்து, பழைய புள்ளிகளைப் பார்க்காமல் புதிதாக வைத்தேன். இரண்டும் ஒத்துப்போயின. பிறகு, கோணல் கூடிய முகங்களாகப் பார்த்துத் துளசிக்கு அனுப்பினார்களோ என்று நினைத்தேன். அவருக்கே போன் எடுத்துக் கேட்டேன்.

"கிழமை நாளைப் பொறுத்துத்தான் பிள்ளையள் பிரியிறது" என்றார். "செவ்வாய் பதிஞ்சா அவருக்கு. வியாழன் பதிஞ்சா எனக்கு. ஒருத்தரும் தெரிஞ்சு அனுப்புறேல்ல."

பஸ்ஸில் போகும்போது ஆட்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன். காலி வீதி முழுக்கக் கோணல் முகங்கள். கொண்டக்டரின் வாய் ஒரு பக்கம், முன் சீட்டுக்காரியின் மூக்கு ஒரு பக்கம். வீட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். என் இடது கண் சிறுத்திருந்தது. பிறகு அது என் வலது கண்ணோ என்று சந்தேகம் வந்து, ஒரு கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். இதை அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைசியில், வேறு வழி தெரியாமல், ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். படங்கள் எடுக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. படம் என்பது எனக்கு மின்னஞ்சலில் வரும் ஒரு பொருளாக இருந்தது.

புதிய கட்டடத்தில் கிளினிக். நடையில் வாங்குகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஏழெட்டு மாதப் பெண் குழந்தை. குழந்தையின் வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். தலைப்பு விலகியபோது பிளவு தெரிந்தது; இன்னும் தைக்கப்படவில்லை. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வராணி. பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். கொட்டாஞ்சேனையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மிஸ், டொக்டரம்மா எப்ப மறுபடி ஆபரேசன் பண்ணுவாங்க? ரெண்டு வாட்டி தேதி குடுத்துட்டு இல்லைன்னுட்டாங்க."

"பெரிய டொக்டரிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டேன். அவர்கிட்ட நாலு மாசம் கழிச்சுத்தான் எடமாம். பாப்பா பால் குடிக்க முடியாம ரொம்பக் கஷ்டப்படுது. பஸ்ல ஏறுனா எல்லாரும் பாக்குறாங்க." தலைப்பைச் சரிசெய்தாள். "எதுக்கு நிப்பாட்டினாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரியாது" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து படம் எடுக்கும் அறைக்குள் போய்விட்டேன்.

படம் எடுப்பவர் பளீல். மாளிகாவத்தையிலிருந்து வருகிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. எல்லாப் படங்களும் அவர் எடுத்தவைதான். பெயரை மட்டும் நான் ஒவ்வொரு படத்தின் அடியிலும் பார்த்திருந்தேன். அறை மிகச் சிறியது. நடுவில் பிள்ளைக்கு ஒரு கதிரை. எதிரே கெமரா, அதன் பின்னால் பளீல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஏற்கெனவே தைத்து முடிந்த ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தாய் தூக்கிவந்து கதிரையில் இருத்தினாள். பிள்ளை அழத் தொடங்கியது.

"உம்மா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. அங்கால பேசின் இருக்கு, எடமில்ல. இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றார் பளீல்.

பிள்ளையின் வலப்பக்கம் கை கழுவும் தொட்டி. தாய் இடப்பக்கம் நின்றாள். பிள்ளையின் அழுகை நின்றது. பளீல் நாக்கைச் சொடுக்கினார், விரலை ஆட்டினார். பிள்ளை ஒரு கணம் கெமராவைப் பார்த்தது. அந்தக் கணத்தில் படம் எடுத்தார்.

எனக்கு உடனே பொறிதட்டவில்லை. அடுத்த பிள்ளை வந்தது. மூன்றாவது பிள்ளை வந்தது. மூன்றாவது தாயும் அதே இடத்தில் வந்து நின்றபோதுதான் கேட்டேன்.

"தாய்மார் எப்பவும் இந்தப் பக்கந்தான் நிப்பினமோ?"

"வேற எங்க நிக்க மிஸ்?"

"பிள்ளையள் தாயைப் பாக்கத் திரும்பாதோ?"

"புள்ள உம்மாவத்தான் பாக்கும். எந்தப் புள்ள கெமராவப் பாக்கும்?" அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. "நல்லாத் திரும்பினா நான் எடுக்க மாட்டேன். கொஞ்சம் திரும்பினா ஒண்ணும் செய்யேலா. பழைய ரூம் பெருசு. அங்க உம்மாவ எனக்குப் பின்னுக்கு நிப்பாட்டுவேன், புள்ள நேராப் பாக்கும். இங்க வந்த நாள்ல இருந்து ரூமை மாத்தித் தாங்கன்னு கடிதம் குடுத்துட்டே இருக்கேன். யாரு பாக்குறாங்க?"

புதிய கட்டடத்துக்கு எப்போது வந்தார்கள் என்று கேட்டேன். துளசி வேலைக்குச் சேர்ந்த அதே காலத்தில். அதாவது, பெரிய டொக்டரின் பிள்ளைகளில் அநேகமானோர் பழைய அறையில் படம் எடுக்கப்பட்டவர்கள். துளசியின் பிள்ளைகள் எல்லோரும் இந்த அறையில்.

முகத்தை ஒரு நூலளவு இடப்பக்கம் திருப்பினால், படத்தில் இடப்பாதி ஒடுங்கும். மூக்கும் உதடும் கண்ணும் சேர்ந்தே ஒடுங்கும்.

அலுவலகத்துக்குத் திரும்பி, நான் புரட்டிய படங்களை எல்லாம் பழையபடி வைத்தேன். தையலில் பிழை இருந்தால், எந்தப் பக்கம் தைத்தாலும் தைத்த பக்கமே ஒடுங்கவேண்டும். அறையில் பிழை இருந்தால், எந்தப் பக்கம் தைத்திருந்தாலும் தாய் நின்ற இடப்பக்கமே ஒடுங்கவேண்டும். வலப்பக்கப் பிளவுள்ள பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தேன். அவர்களில் தைத்த பக்கம் ஒடுங்கவில்லை, அகன்றிருந்தது. பிளவு பெரும்பாலும் இடப்பக்கமே வருவதால், எல்லோரையும் புரட்டிச் சேர்த்தபோது அந்த அகலம் கூட்டத்துக்குள் காணாமல் போயிருந்தது. காணாமல் போக்கியவள் நான்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டுவதற்கு முன் ஒருமுறை புரட்டாமல் பாருங்கள். படம் எடுக்கும் அறைக்கும் ஒருமுறை போங்கள், அது எவ்வளவு சலிப்பான பயணமாக இருந்தாலும். இதுதான் நான் தைரியமாகச் சொல்லக்கூடிய புத்திமதி. இதற்குப் பிறகு நடந்தவற்றில் எது சரி என்று எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஏனென்றால், அறையின் பங்கைக் கழித்த பிறகும் கொஞ்சம் ஒடுக்கம் மிஞ்சியது. மிகக் கொஞ்சம். அது துளசியின் முறையால் வந்ததா, அல்லது அறையின் பங்கை நான் குறைத்து மதிப்பிட்டதால் வந்ததா? கையிலிருந்த படங்களை வைத்துச் சொல்லமுடியாது. தாயை இரு பக்கமும் மாற்றி நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி படம் எடுத்தால்தான் தெரியும். அதற்கு இரண்டு மூன்று மாதம் தேவை. குழு இறுதி முடிவு எடுக்கக் கூடுவது வருகிற திங்கள்.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவரை மட்டமாகச் சொன்னதுபோல் ஆகிவிடும். கெட்டிக்காரர், நேர்மையானவர். எனக்கு இந்த வேலையில் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "திங்கள் நீர் போய் என்ன சொல்லப் போறீர்? புது முறை நல்லது எண்டோ?"

"அப்பிடிச் சொல்லேலாது."

"கூடாது எண்டோ?"

"அதுவும் சொல்லேலாது."

"அப்ப சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை. பேசாம இரும். தவணை கேட்டு ஒரு கடிதம் எழுதுவம், மேலதிக ஆய்வு நடக்குது எண்டு. மறுபடி அளந்து, முழுசாத் தெரிஞ்ச பிறகு போம். அரைகுறையாப் போனால் இனி எங்கட எந்த ரிப்போர்ட்டையும் ஒருத்தரும் நம்பாயினம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அன்றும் எனக்குப் பிழையாகப் படவில்லை. முழுதாகத் தெரியாமல் ஒருமுறை வாய் திறந்ததால்தானே இவ்வளவும் வந்தது. மறுபடியும் அதையே செய்வதா?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே யோசனை. ஞாயிறு பின்னேரம் கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடந்து பார்த்தேன், தெளிவு வரும் என்று. வரவில்லை. ஒரு நேரம் தலைவர் சொல்வது சரி என்று தோன்றும். அடுத்த நேரம் தலைப்பால் வாய் மூடிய அந்தக் குழந்தை நினைவுக்கு வரும். பேசாமல் இருந்தால் தடை நீளும். தடை நீண்டால் அந்தத் தாய் மறுபடி லீவு போட்டு வந்து வாங்கில் காத்திருப்பாள். சொன்னால், பிறகு மிஞ்சிய ஒடுக்கம் உண்மையென்று வந்துவிட்டால், எத்தனை முகங்கள் அதற்குள் தைக்கப்பட்டிருக்கும்?

திங்கட்கிழமை காலை எழும்பியபோதும் நான் முடிவு எடுத்திருக்கவில்லை. சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அலுவலகத் தரிப்பிடத்தில் நான் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட எனக்கு இன்றும் தெரியாது.

குழுவில் ஐந்தாறு பேர். பெரிய டொக்டர் ஒரு பக்கம், துளசி ஒரு பக்கம். நான் எழுந்து, போன அறிக்கையை மீளப் பெறுகிறேன் என்றேன். அறையைப் பற்றியும், தாய் நிற்கும் இடத்தைப் பற்றியும், நான் படங்களைப் புரட்டியது பற்றியும் சொன்னேன். கூட்டம் நடந்தது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் சரளமாக வரும். அன்று இடது, வலது என்ற சொற்களே தடுமாறின. ஒரு கட்டத்தில் எழுந்துபோய்க் கதிரை ஒன்றை நடுவில் இழுத்துப்போட்டு, அதன் பக்கத்தில் நின்று காட்டினேன்.

குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். "போன முறை கூடாது என்றீர்கள். இன்றைக்கு நல்லது என்கிறீர்களா?"

"நல்லது என்று சொல்லவில்லை, சேர். கூடாது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதைச் சொன்னது என் பிழை."

"அப்படியானால் எது நல்லது?"

"எனக்குத் தெரியாது."

தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு குழு என்னதான் செய்யும் என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அப்போது பெரிய டொக்டர் பேசினார். தன் முறைக்குச் சாதகமான அறிக்கை கைநழுவிப் போகிறது. ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "தடை போட்டது இந்த அறிக்கையை வைத்து. அறிக்கை போய்விட்டது. பிறகு தடை எதன்மேல் நிற்கிறது?" என்றார். அவ்வளவுதான். படங்களை மறுபடி எடுப்பது என்றும், அதுவரை இரண்டு முறைகளும் நடக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் துளசி என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போல.

"ரெண்டு மாசம்" என்றார். "உங்கட கணக்கால ரெண்டு மாசம் என்ர பிள்ளையள் வரிசையில நிண்டவை. நான் செய்யிற வேலையில எனக்கே சந்தேகம் வந்திட்டுது. ராத்திரியில எழும்பி பழைய படங்களைப் பாத்துக்கொண்டு இருந்தனான். தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, டொக்டர்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மன்னித்ததற்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று விளங்கவில்லை. எங்கள் தலைவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் மறுபடி படம் எடுப்பதற்கான திட்டத்தைத் தானே எழுதிக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

பளீலுக்கு வேறு அறை கிடைத்தது. தாய்மார் முதலில் இடப்பக்கம் நிற்க ஒரு படம், பிறகு வலப்பக்கம் நிற்க ஒரு படம் என்று எல்லாப் பிள்ளைகளையும் திரும்ப எடுத்தார். மூன்று மாதம் சென்றது. விடை என்ன என்று கேட்பீர்கள். மிஞ்சியிருந்த ஒடுக்கம் இன்னும் குறைந்தது, அடியோடு போகவில்லை. இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இல்லை, இல்லையென்று சத்தியம் பண்ணும் அளவுக்கும் இல்லை. அப்படியே எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிக அசிங்கமான முடிவுரை அதுதான்.

அந்த விடை வருமுன், தடை நீங்கி ஒரு மாதமான ஒரு வியாழன், மறுபடி படம் எடுக்கும் வேலைக்காகக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். நடையில் செல்வராணி நின்றாள். குழந்தை இடுப்பில் இருந்தது, முன்பைவிட வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் வந்தாள்.

"மிஸ், ரெண்டு டொக்டர்கிட்டயும் இப்ப தேதி இருக்காம். தேதி தள்ளிப்போனவங்க யாருகிட்ட வேணும்னாலும் போலாம்னு நர்ஸ் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, யாருகிட்ட காட்டட்டும்?"

"எனக்கு வித்தியாசம் தெரியேல்லையம்மா."

"வித்தியாசம் இல்லைன்னா டொக்டரம்மாவ எதுக்கு நிப்பாட்டி வச்சாங்க? சும்மா நிப்பாட்டுவாங்களா? ஏதோ இருக்கப்போயித்தானே."

பதில் சொல்லாமல் நழுவ இடம் இருந்தது. பளீல் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் காரணம்" என்றேன். "பிள்ளையளின்ர படங்களை அளந்தது நான். பிழையா அளந்து, பிழையா எழுதிப்போட்டன். என்ர எழுத்தை நம்பித்தான் நிப்பாட்டினவை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்குக் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்க."

"ஓம். பொய் சொன்னனான்."

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "அப்ப டொக்டரம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல?"

"அவவில ஒரு பிழையும் இல்லை."

"சரி. அப்ப நான் அவங்ககிட்டயே காட்டுறேன்" என்றாள். "ரெண்டு மாசமா அவங்களும் எங்களை மாதிரித்தானே காத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

துளசியின் அறை வாசலில் இருந்த வரிசையில் போய் நின்றாள். அவளைக் கூப்பிடவேண்டும் என்று நினைத்தேன். அம்மா, டொக்டரில் பிழையில்லை என்றுதான் சொன்னேன், அந்த முறை நல்லது என்று சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு விஷயம் என்று விளக்கவேண்டும். முழு உண்மை அதுதான். ஆனால் அதைச் சொன்னால், என் பிழையால் வந்த சந்தேகத்தை மறுபடி அவள் கையில் கொடுத்ததாகிவிடாதா? சொல்லாவிட்டால், மறுபடியும் பாதியை மறைத்தவளாகிவிட மாட்டேனா? நான் அங்கேயே நின்றேன். வரிசை நகர்ந்தது. கதவு திறந்து, செல்வராணி உள்ளே போனாள்.

கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டுமா என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், வெள்ளவத்தைக்கு வந்து சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்தக் குழந்தையின் படமும் என் மேசைக்கு வந்திருக்கும். பெயர் இல்லாமல், இலக்கத்தோடு மட்டும். எது அவள் பிள்ளை என்று அறிய எனக்கு வழியில்லை. அதனால் அந்த வருடம் வந்த ஒவ்வொரு முகத்தையும், அதுவாக இருக்கலாம் என்று நினைத்தே அளந்தேன்.